ஆதிலிங்கம் மாத்திக் குடுத்த பெடல்

காலைத் தாராளமா நீட்டுங்க தம்பி. அந்தப் பொட்டி மேல வச்சாலும் தப்பில்ல. ஆம்ப்ளிஃபையருதான், இருபது வருஷமா மிதி வாங்குன சாமான். இந்த மஞ்சப்பை மேல மட்டும் காலு பட்டுராமப் பாத்துக்கிடுங்க. இதுல இருக்கது வேற.

பாத்தியளா, விசில் ஊதாமலே வண்டிய எடுக்கான். இப்ப உள்ள கண்டக்டர்மாருக்கு ஊதக்கூட மூச்சு இல்ல தம்பி. வாயில விசிலை வச்சிருக்கான், கன்னத்தை உப்புதான், வெறுங்காத்துதான் வருது. முந்தி ஒருத்தன் ஊதுனாம்னா திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பாக்கும். இப்ப விசிலும் மட்டம், ஊதுதவனும் மட்டம்.

காதுல மாட்டியிருக்கியள்லா, அந்த வயரைக் கழட்டுங்க. திருநெல்வேலி வரைக்கும் சும்மா எப்படி இருக்க? என்ன பாட்டு கேக்கிய? எதுன்னாலும் சரி, அதுல வாறது கிட்டார் இல்ல. எவனோ ஏசி ரூம்ல உக்காந்து கம்ப்யூட்டர்ல தட்டுனது. கிட்டார்னா என்னன்னு நான் சொல்லுதேன். என் பேரு ஜெயசிங். குரும்பூர்ப் பக்கம் வந்து கிட்டார் ஜெயசிங்னு கேட்டாப் போதும், வீட்டுல கொண்டு விட்டுருவானுவ. எங்க சபையில, சர்ச்சுலதான், இருபத்தாறு வருஷமா நான்தான் கிட்டார்.

இந்தப் பையில இருக்கது பெடல். கிட்டாருக்கும் இந்தப் பொட்டிக்கும் நடுவுல தரையில வச்சு, கால்ல மிதிக்கணும். மிதிச்சா சத்தம் லேசாப் பொரியும். எண்ணெயில வத்தலைப் போட்டாப் பொரியும்லா, அப்படி. ஓவர்டிரைவ்னு பேரு. கடையில வாங்குனதை வாங்குன மாதிரியே வச்சு வாசிக்கவனும் இருக்கான். அவன் ஹோட்டல் சாம்பாரை உப்புப் பாக்காமக் குடிக்கவன். நான் மாத்தித்தான் வாசிப்பேன். இது அஞ்சு தடவை மாத்துன பெடல் தம்பி.

மாத்துனவன் ஆதிலிங்கம். எங்க பஜார்ல ரேடியோ, மிக்ஸி, மைக்செட் எல்லாம் சரி பண்ணுதவன். கை இருக்கு அவனுக்கு. இல்லன்னு சொல்ல மாட்டேன். காதுதான் இல்ல. மொத தடவை கொண்டு போயி, ‘ஏல, சத்தம் மந்தமா இருக்கு, முனை வேணும், ஊசி மாதிரி குத்தணும்’னேன். ஏதோ ஒரு சின்னச் சாமானைக் கழட்டிட்டு வேற ஒண்ணை வச்சு ஒட்டுனான். நல்லாத்தான் இருந்துது. ஒரு வருஷம். அப்புறம் பழையபடி கம்பளியப் போத்துன சத்தம். மறுபடி கொண்டு போனேன். மறுபடி மாத்துனான். இப்படியே நாலு தடவை. அவன் கடையில வச்சு வாசிச்சுக் காட்டுவேன், பய ரெண்டு விரலையும் காதுல விட்டுக்கிட்டு, ‘போதுமா அண்ணாச்சி?’ம்பான். காதைப் பொத்திக்கிட்டுச் சத்தம் சரி பாக்க மெக்கானிக்கை நீங்க எங்கயாவது பாத்திருக்கியளா?

நாலாவது தடவை என்ன சொன்னாங்கிய? ‘இனிமே இதுல கழட்ட ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. கீழ் சத்தம் பூராத்தையும் வெட்டியாச்சு. இனி வெறும் தகரந்தான்’ங்கான். ‘போல, கோட்டிக்காரப் பயல, ஒனக்கு மிக்ஸி சத்தம்தான் தெரியும்’னு சொல்லிட்டு வந்துட்டேன்.

எனக்குக் காது சாதாரணக் காது இல்ல தம்பி. நான் நூல் மில்லுல இருபத்தேழு வருஷம் நின்னவன். நூறு மிஷின் ஒண்ணா ஓடும், பக்கத்துல நிக்கவன் தொண்டை கிழியக் கத்துனாலும் கேக்காது. மேஸ்திரி காதுல வைக்கப் பஞ்சு குடுப்பாரு. பயந்தாங்கொள்ளிப் பயலுவ எல்லாம் பெருமாள் கோயில் நாமம் மாதிரி வெள்ளையா வச்சுக்கிட்டுத் திரிவானுவ. நான் ஒரு நாளு வச்சதில்ல. அந்தச் சத்தத்துக்குள்ள நின்னு கிட்டார் கோர்டு போட்டுப் பாத்தவன் நான், மனசுக்குள்ள.

இன்னைக்கு வாற சாமான் எல்லாமே மட்டம், அது வேற கதை. வீட்டுல குக்கர் இருக்கு, விசிலே வராது. எம் பொண்டாட்டி ரூபி, ‘நாலு விசிலு வந்துட்டு, கிட்ட உக்காந்துட்டு அடுப்பை அணைக்கக் கூடாதா?’ன்னு சத்தம் போடுதா. எங்கடி வந்துச்சு? ஆவிதான் வந்துச்சு. புதுசு வாங்குனேன், அதுவும் அதே லெச்சணம். வாசல்ல காலிங் பெல்லை ரெண்டு தடவை மாத்திட்டேன். தபால்காரன் நின்னு நின்னு பாத்துட்டுப் போறான். எவன் செய்யுதான் இதையெல்லாம்? குருவி, குயிலு இதெல்லாம் கூட இப்பக் கத்துததே இல்ல, கவனிச்சியளா? டவர் வச்சு கொன்னுட்டானுவ.

முன் சீட்டுக்காரர் எதுக்கு இப்படித் திரும்பித் திரும்பிப் பாக்காரு? மெதுவாத்தான பேசுதேன்?

சரி, விஷயத்துக்கு வாறேன். போன ஈஸ்டருக்கு காலை ஆராதனை. நாலாவது தடவை மாத்துன பெடல். நான் மிதிச்சு ஒரு இழுப்பு இழுத்தேன் பாருங்க, கைப்பிள்ளை எல்லாம் ஒண்ணு போல அழுதுது. அழட்டும், பிள்ளைக்கு என்ன தெரியும். பெரியவனுவளும் காதைப் பொத்துனானுவ. காது கேக்க மிஷின் வச்சிருக்க ஒரு அம்மா, அதைக் கழட்டி மடியில வச்சுட்டா. நல்ல சங்கீதம் வரும்போது மிஷினைக் கழட்டி மடியில வைக்கவளை என்ன சொல்ல? செவிடன் காதுல ஊதுன சங்கு. எங்க சபையே அப்படித்தான்.

பாடகர் குழுத் தலைவரு தேவபிச்சை வாத்தியாரு. ஆர்கன் வாசிக்கவரு. ஆராதனை முடிஞ்சதும் வந்து, ‘ஜெயசிங், கொஞ்சம் கொறைச்சு வச்சா நல்லது’ன்னாரு. ‘ஒங்க ஆர்கன் எரும கணக்கா அமறுது, அதை நான் கொறைக்கச் சொன்னேனா?’ன்னு கேட்டுட்டேன். மறுநாளு ஐயரு எங்க வீட்டுக்கு வந்தாரு. எங்க பக்கம் சர்ச் போதகரை ஐயர்னுதான் சொல்லுவோம். முறுக்கைத் தின்னாரு, காப்பியக் குடிச்சாரு, ஜெபம் பண்ணுனாரு. எந்திரிக்கும்போது, ‘நீங்க ரொம்ப வருஷம் ஊழியம் பண்ணிட்டிய, கொஞ்ச நாளு ஓய்வா இருங்க’ன்னு சொல்லிட்டுப் போறாரு. ஓய்வாம்! சீக்குக் கோழியா நான், கூடைக்குள்ள போட்டு மூட?

நான் சொல்லிட்டேன் தம்பி. ‘ஐயரே, வைகாசியில எம் மவளுக்குக் கல்யாணம். அன்னைக்கு நான் வாசிப்பேன். அதுக்கப்புறம் என்ன வேணும்னாலும் செய்யுங்க.’

ஒரே மவ. பெர்சிஸ். மாப்பிள்ளை கோயம்புத்தூர்ல வேலை பாக்கான். எங்கள்ல கல்யாணம்னா பொண்ணை அப்பாதான் கையப் பிடிச்சு கோயில் வாசல்ல இருந்து ஆல்டர் வரைக்கும் கூட்டிட்டுப் போணும். அதுதான் மொறை. அவ வந்து பக்கத்துல உக்காந்து, ‘அப்பா, நீங்க வாசிக்க வேண்டாம்ப்பா. என் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாப் போதும்’னா. எனக்கு வந்துது கோவம். ‘ஏட்டி, கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஊர்ல எவனாலயும் முடியும். அதுக்கு ஒங்க மாமன் போதாதா? ஒனக்கு வாசிக்க எவனால முடியும், சொல்லு’ன்னேன். அவ என் கைய எடுத்து வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தா. இந்தா, இந்த விரல்ல காச்சுப் போயிருக்குல்லா, அதைத் தடவிக்கிட்டு இருந்தா. அப்புறம் எந்திரிச்சுப் போயிட்டா. அவளும் ஐயரு கட்சியில சேந்துட்டாளோன்னு எனக்கு ஆத்திரம்.

ஆனா மவ மவதான். ரெண்டு நாளு கழிச்சு, ‘ஐயர்ட்ட பேசிட்டேன்ப்பா, சம்மதிச்சுட்டாரு, நீங்க வாசிங்க’ன்னு வந்து சொன்னா. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆதிலிங்கம் வீட்டுக்கு வாறான். கடைய விட்டு எழவு வீட்டுக்குக் கூடப் போகாத பய தானா வாறான்! பெர்சிஸ் அவனுக்கு டீ போட்டுக் குடுக்கா, ரெண்டு பேரும் வாசல்ல நின்னு என்னமோ பேசுதாவ. அப்புறம் என்கிட்ட வந்து, ‘அண்ணாச்சி, நீங்க கேட்ட முனை எப்படி வைக்கன்னு கண்டுபிடிச்சுட்டேன்’ங்கான்.

பெடலை வாங்கிட்டுப் போயி மறுநாள் கொண்டு வந்தான். பக்கவாட்டுல ஓட்டை போட்டு ஒரு ஹெட்போன் குத்துத எடம் வச்சிருக்கான். ‘பெரிய பெரிய மேடையில வாசிக்கவன் எல்லாம் இப்படித்தான் அண்ணாச்சி. ஒங்க சத்தம் ஒங்களுக்குத் தனியா காதுல. ஊருக்குப் பொட்டி வழியாப் போவும்’னான். மாட்டி வாசிச்சேன். தம்பி, சிரிக்காதிய, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. எத்தனை வருஷம் கழிச்சு அந்த முனை! கம்பியில விரல் உரசுத சத்தம் கூடக் கேக்கு. ‘ஏல, இதை மொதல்லயே செஞ்சிருக்கலாம்லா’ன்னு முதுகுல ஒரு அடி போட்டேன். பய சிரிக்கலை. தலையக் குனிஞ்சுக்கிட்டு, ‘ஹெட்போனை மட்டும் கழட்டிராதிய அண்ணாச்சி, இதெல்லாம் சேந்துதான் வேலை செய்யும்’னு சொல்லிட்டுப் போயிட்டான். நன்றி சொன்னா வாங்கத் தெரியாத ஜென்மம்.

கல்யாணத்தன்னைக்கு பத்து மணி ஆராதனை. நான் ஆல்டர் பக்கத்துல, ஆர்கனுக்கு இந்தப் பக்கம். பொட்டியில செவப்பு லைட்டு எரியுது, பெடல்ல நீல லைட்டு எரியுது, காதுல ஹெட்போன். வாசல்ல பெர்சிஸ் வந்து நிக்கா, பக்கத்துல எம் மச்சினன் கோட்டு போட்டுக்கிட்டு. தேவபிச்சை ஆர்கனை எடுத்துட்டாரு. அவ நடக்கணும். நடக்கலை. ஆர்கன் ஒரு சுத்து முடிஞ்சு ரெண்டாவது சுத்து போகுது. எம் மவ நிக்கா. என்னையே பாக்கா. மாமன் கைய நீட்டுதான், அவ பிடிக்கலை.

எனக்கு வெளங்கிட்டு. அப்பன் கிட்டார் வரட்டும்னு நிக்கா! அதுக்குப் பேருதான் ரத்தம். நான் பெடலை ஒரு மிதி மிதிச்சு எடுத்தேன் பாருங்க. வாசிச்சுக்கிட்டே ‘வாட்டி, வா’ன்னு கண்ணைக் காட்டுனேன். அவ தலைய ஆட்டுனா. நல்லாருக்குப்பாங்கிற மாதிரி மெல்ல ஒரு ஆட்டு. அப்புறம்தான் மாமன் கையப் பிடிச்சு நடந்து வந்தா.

அன்னைக்கு ஒருத்தன் காதைப் பொத்தலை தம்பி. ஒரு பிள்ளை அழலை. மிஷின் வச்ச அம்மா சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. முடிஞ்சதும் ஐயரு கையக் குடுத்து, ‘பிரமாதம் ஜெயசிங்’ங்காரு. தேவபிச்சை வாத்தியாரு தோள்ல கையப் போட்டு, ‘இன்னைக்கு அருமை’ங்காரு. அத்தனை பேரும் தலைய ஆட்டுதானுவ. இருபத்தாறு வருஷம் கழிச்சு இவனுவளுக்குச் சங்கீதம் புரிஞ்சுட்டு! அன்னையில இருந்து என்னை ஓய்வு எடுக்க யாரும் சொல்லலை. வாராவாரம் வாசிக்கேன்.

ரூபி கூட மாறிட்டா. முந்தி நான் பொட்டியப் போட்டா அடுத்த வீட்டுக்குப் போயிருவா, நாய் கட்டிலுக்கு அடியில போயிரும். இப்ப நான் வாசிக்க வாசிக்கப் பக்கத்துலயே உக்காந்து வேதம் வாசிக்கா. நாய் என் கால்ல தலைய வச்சுத் தூங்குது. நல்ல சத்தம்னா நாய்க்கும் தெரியும் தம்பி.

இப்ப எதுக்கு இதைத் தூக்கிக்கிட்டு பாளையங்கோட்டை போறேன்னு கேளுங்க. வீடியோக்காரன். கல்யாண வீடியோ அனுப்பியிருக்கான், போன்ல இருக்கு. என் கிட்டார் அதுல இல்ல! ஆர்கன் இருக்கு, பாட்டு இருக்கு, ஐயரு இருமுனது கூட இருக்காம். ரூபிதான் கேட்டுட்டுச் சொன்னா, ‘சின்ன விஷயம், விட்டுருங்க’ன்னு. எது சின்ன விஷயம்? நான் வாசிக்கது தெரியுது, விரல் ஓடுது, ஊமைப் படம் மாதிரி. வீடியோக்காரன்ட்ட போன்ல கேட்டா, ‘கோயில்ல வந்த சத்தத்தைத்தான் அண்ணாச்சி பிடிச்சிருக்கேன், வராததை நான் எப்படிப் பிடிக்க’ங்கான். ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம். மட்டமான மைக்கை வச்சுக்கிட்டு வாயப் பாருங்க. அதான் கிட்டாரு, பொட்டி, பெடல் எல்லாத்தையும் தூக்கிட்டு வாறேன். அவன் கடையில வச்சே வாசிச்சுக் காட்டுதேன், பிடி இப்பம்னு.

எதுக்கு என் சட்டப்பையக் காட்டுதிய? போன் அடிக்கா? இந்தப் போனும் ஒழுங்கா அடிக்காது. பெர்சிஸ்தான். கோயம்புத்தூர்ல இருந்து. அப்புறம் பேசிக்கிடலாம். அந்த வீடியோக்காரனை ஒரு வழி பண்ணிட்டுப் பேசுதேன்.

என்ன தம்பி? என்ன கேட்டிய?

ஹெட்போனைக் கழட்டிட்டு வாசிச்சுப் பாத்தியளான்னா? எதுக்குக் கழட்டணும்? அவன்தான் சேந்துதான் வேலை செய்யும்னு சொல்லியிருக்கான்லா. கழட்டலை. ஒரு நாளும் கழட்டலை. நல்லா வாறதை எவனாவது கழட்டிப் பாப்பானா?

பொட்டியில லைட்டு எரிஞ்சுது தம்பி. செவப்பு லைட்டு.

இது எந்த ஊரு? செய்துங்கநல்லூர் தாண்டிட்டா?

ஆதிலிங்கம் பய. டீயக் குடிச்சுக்கிட்டு வாசல்ல நின்னு அவகூட என்ன அப்படிப் பேசுனான்? சிரிக்காமத் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போனான்லா. கை இருக்கவன்னு அப்பமே சொன்னேன். ஹெட்போனை மாட்டுனா பொட்டிக்குப் போற வழிய அடைக்கது அவனுக்கு ஒரு வேலையா? அரை மணி நேர வேலை. ஊரே சேந்து... ஐயரு, வாத்தியாரு, எம் பொண்டாட்டி... நாய்க்கு மட்டும்தான் வேசம் போடத் தெரியாது. அது நெசமாவே தூங்கியிருக்கு.

இந்தாங்க, என் போனு. உங்க வயரை இதுல மாட்டி நீங்க கேளுங்க. உங்களுது நல்ல காது. நான் குனிஞ்சு வாசிக்க எடம் வரும், அதுல கவனிங்க. லேசாவாவது வருதா? ஆர்கனுக்குப் பின்னால எங்கயாவது?

தலைய ஆட்டுதிய.

வேண்டாம் தம்பி. அவளும் இப்படித்தான் ஆட்டுனா. அன்னைக்கு அத்தனை பேரும் இதே ஆட்டுத்தான் ஆட்டுனானுவ.

கொஞ்சம் பின்னால தள்ளுங்க. வாசல்ல நிக்கால்லா, அந்த எடம். மாமன் கைய நீட்டுதான், அவ பிடிக்காம என்னையே பாத்துக்கிட்டு நிக்கா. ஆர்கன் ஒரு சுத்து முடிஞ்சுட்டா? ரெண்டாவது சுத்துலயும் அசையலைல்லா? நான் ஊரு பூரா சொல்லிட்டுத் திரியுதேன், எம் மவ என் கிட்டாருக்குக் காத்து நின்னான்னு. அந்தப் பெடலை எப்படி வச்சிருக்காவன்னு அவளுக்குத் தெரியும். சத்தமே வராதுன்னு தெரியும். வராத கிட்டாருக்கு எவளாவது காத்து நிப்பாளா தம்பி?

நான் நாலு எட்டு வச்சிருந்தாப் போதும். கிட்டாரைச் சாத்தி வச்சுட்டு அவ கையப் பிடிக்கப் போயிருக்கலாம். நான் கண்ணைக் காட்டுதேன், நடந்து வான்னு. எவ்வளவு பெரிய மடையன்.

பாளையங்கோட்டை வரப் போகுது. எறங்கி எதுத்த பஸ் பிடிச்சுருதேன், வீடியோக்காரனை விடுங்க. அவன் சரியாத்தான் பிடிச்சிருக்கான். இந்தப் பொட்டிய எறக்க மட்டும் ஒரு கை குடுங்க. அவளுக்கு நான் போன் போடணும். நான் போட்டு, அவ பேசுனா, உங்க வயரை இதுலயே மாட்டி எனக்குக் குடுப்பியளா?

கண்டக்டர் விசில் ஊதுனாம்னா தொட்டுச் சொல்லுங்க தம்பி. எனக்குக் கேக்காது.